கப்பல் சுற்றுலா: எந்த ரூட் யாருக்குச் சரிப்படும்?

நடுத்தெரு

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். கீழக்கரையிலிருந்து ஆறு பேர் கப்பல் சுற்றுலா போக நினைக்கிறோம். வாப்பாவுக்கு 71 வயது, முழங்கால் தேய்மானம். சமதளத்தில் கால் மணி நேரம் நடப்பார், படி என்றால் முடியாது. உம்மாவுக்கு 66, சர்க்கரை. நாங்கள் இருவர், பிள்ளைகளுக்கு 12 வயதும் 7 வயதும். யாரும் பெரிய கப்பலில் ஏறியதில்லை.

பார்த்து வைத்திருப்பது மூன்று. சென்னையில் ஏறி இலங்கைத் துறைமுகங்களைச் சுற்றித் திரும்புவது, 5 இரவு. சிங்கப்பூரில் ஏறி கிள்ளான், பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புவது, 3 முதல் 5 இரவு. துபாயில் ஏறி அபுதாபி, தோஹா, பஹ்ரைன், 7 இரவு; மச்சான் அங்கே இருக்கிறார். லீவு மே மாதம், தவறினால் டிசம்பர் கடைசி. மூன்று விளம்பரத்திலும் அதே நீச்சல்குளம், அதே பஃபே. எதை வைத்து முடிவு பண்ணுவது?

சேதுக்கரை

பாய், நீச்சல்குளப் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும்: நாள், துறைமுகம், கப்பல் வரும் நேரம், புறப்படும் நேரம். அந்த நாலு கட்டத்தை வைத்துத்தான் முடிவு பண்ண வேண்டும். ஊர்ப் பெயரைப் பார்த்து மயங்கினால் பணம் போகும். கரையில் உங்கள் கைக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று கணக்குப் போடுங்கள்.

கிள்ளானையே எடுத்துக்கொள்வோம், கோலாலம்பூருக்கான துறைமுகம் அது. அட்டவணையில் "கோலாலம்பூர், காலை 8 முதல் மாலை 6 வரை" என்று இருக்கிறது. பார்க்கப் பத்து மணி நேரம். கப்பல் கட்டிய பிறகு குடிநுழைவுச் சோதனை முடிந்து ஆளை இறக்க முக்கால் மணி ஆகும். லிஃப்டுக்கு நின்று, வாப்பாவை மெதுவாகக் கூட்டிவந்து வண்டி ஏறும்போது மணி 9:15. கோலாலம்பூருக்குச் சாலை வழி ஒன்றேகால் மணி வைத்துக்கொள்ளுங்கள்: 10:30. மாலை 6 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது என்றால் கடைசி ஆள் 5 அல்லது 5:30க்கே உள்ளே இருக்க வேண்டும். சாயங்கால நெரிசலுக்கு இடம் விட்டால் ஊரை விட்டு 3 மணிக்கே கிளம்பியாக வேண்டும். மிஞ்சியது நாலரை மணி. அதில் சாப்பாடும் லுஹர் தொழுகையும் போனால் மூன்று மணி. இரட்டைக் கோபுரத்தைக் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம், அவ்வளவுதான். ஆறு பேர் என்பதால் ஒரு டாக்ஸி போதாது, வேன் வாடகை தனி.

பினாங்கு அப்படி இல்லை. கப்பல் கட்டும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மதியம் 1 மணிக்கு வந்து இரவு 9 மணிக்குக் கிளம்பும் கப்பல் என்றால் எட்டு மணி நேரத்தில் ஆறரை மணி நேரம் முழுசாக உங்களுடையது. வாப்பாவுக்குக் கால் வலித்தால் பத்து நிமிடத்தில் கேபினுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு நீங்கள் மறுபடி இறங்கலாம். முழங்கால் வலிக்காரர் இருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

இன்னொன்றும் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். கொடைக்கானல் போனால் நீங்கள் வேன் ஏறி ஒரே நாளில் எல்லா பாயிண்டும் பார்க்கிற வீடா? இல்லை, ஏரிக்கரையில் உட்கார்ந்து சோளம் சாப்பிட்டு, சாயங்காலம் அறை ஜன்னலில் மேகம் பார்க்கிற வீடா? முதல் ரகத்துக்குத் தினம் ஒரு துறைமுகம் வேண்டும். இரண்டாம் ரகம் அந்த ரூட்டில் போனால் மூன்றாம் நாளே களைத்து, "இன்றைக்கு நான் இறங்கவில்லை" என்று கேபினில் படுத்துவிடும். இறங்காத துறைமுகத்துக்கும் துறைமுகக் கட்டணம் டிக்கெட்டில் சேர்ந்தேதான் இருக்கிறது.

குந்துகால்

சேதுக்கரை அக்கா கரைக் கணக்கைச் சொல்லிவிட்டார்கள். கடல் கணக்கு இது.

நம்ம ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாசத்தில் தென்கடல் கொதிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை திரும்பினால் வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கும். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நாளில் இரண்டு கடல். உலகத்தில் எந்த ரூட்டையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். எந்த மாசம், எந்தக் காற்று, போகிற தடத்துக்கும் காற்றுக்கும் நடுவில் மறைப்புக்கு நிலம் இருக்கிறதா?

சிங்கப்பூர், கிள்ளான், பினாங்கு வரை மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. தென்மேற்குக் காற்றைச் சுமத்ரா மலை தாங்கிக்கொள்கிறது. அதிகாலையில் சில நாள் திடீர் சூறைக்காற்றும் இடியும் வரும், ஒன்றிரண்டு மணியில் ஓய்ந்துவிடும். பெரிய கப்பலில் தூக்கம்கூடக் கலையாது. முதல் தடவைக்கு இதைவிட அடக்கமான கடல் கிடைப்பது கஷ்டம்.

புக்கெட் வேறு. அது அந்தமான் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மே நடுவில் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் அக்டோபர் வரை மேற்குக் கரையில் அலை எழும்பும்.

இலங்கை ரூட்: ஜூன் முதல் செப்டம்பர் வரை திருகோணமலைப் பக்கம் அமைதி, ஏனென்றால் காற்று மேற்கிலிருந்து வருகிறது, தீவே மறைக்கிறது. அம்பாந்தோட்டை தெற்குக் கரையில் இருப்பதால் அங்கே திரும்பும்போது ஆட்டம் தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் மாசம். அந்தச் சமயத்தில் எந்த நிறுவனமும் துறைமுகத்தை மாற்றவோ தள்ளவோ டிக்கெட் நிபந்தனையிலேயே உரிமை எழுதி வைத்திருக்கும், பணம் திரும்பக் கேட்க வழியில்லை. அரபிக் கடல் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம்.

துபாய் ரூட் நவம்பர் முதல் மார்ச் வரைதான். மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கப்பல்களும் அதற்குள் மத்தியதரைக் கடலுக்குப் போய்விடும்.

ஆக மே மாதம் என்று நீங்கள் சொன்னதுமே துபாய் கழிந்தது. சென்னைக் கப்பல் வழக்கமாக ஜூனை ஒட்டித்தான் தொடங்குகிறது. மிஞ்சுவது சிங்கப்பூர். அதிலும் மே முதல் பாதியாக இருந்தால் நல்லது.

மண்டபம் கேம்ப்

குந்துகால் அண்ணே, சென்னைக் கப்பல் ஏன் நம்ம கரையோரமாக வராமல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகிறது? பாம்பனில் தூக்குப் பாலம்தான் இருக்கிறதே.

குந்துகால்

தம்பி, பாலம் தூக்கினால் போதாது, அடியில் தண்ணீர் வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் தூக்கு இடைவெளி 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் உயரத்துக்கு எழும்பும். அது விசைப்படகுக்கும் சின்னக் கப்பலுக்கும் போதும். சுற்றுலாக் கப்பல் தண்ணீருக்குள் ஏழெட்டு மீட்டர் மூழ்கி ஓடுவது. பாம்பன் கால்வாயும் ஆதாம் பாலத்து மணல்திட்டும் அந்த ஆழத்துக்குத் தாங்காது. சேதுக் கால்வாய்க்கு 2005இல் வேலை தொடங்கியதே இதற்காகத்தான், முடியவில்லை. அதனால் சென்னையிலிருந்து தூத்துக்குடி போகிற சரக்குக் கப்பலும் இலங்கையைச் சுற்றித்தான் வருகிறது. இராமேஸ்வரத்தில் க்ரூஸ் என்று யாராவது விளம்பரம் போட்டால் அது படகு சவாரி என்று புரிந்துகொள்ளுங்கள்.

தொண்டி வாசகன்

சேதுக்கரை அக்கா சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. கரையில் எத்தனை மணி நேரம் என்று மட்டும் பார்த்தால் கடல் நாளின் அருமை தெரியாமல் போய்விடும். இந்த வீட்டில் ஆறு பேரும் ஆறு விதம். 71 வயதுக்காரரையும் 7 வயதுக்காரரையும் ஒரே வேனில் ஏற்றி ஊர் காட்டினால் இருவருக்கும் கஷ்டம். கப்பல் துறைமுகம் தொடாமல் ஓடுகிற நாளில் பிள்ளைகள் அவர்களுக்கான கிளப்பில், பெரியவர் நிழல் தட்டில் நாற்காலி போட்டுக் கடல் பார்த்தபடி, நடுவயதுக்காரர் தூக்கத்தில். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் பலர் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

அதற்காகத் துறைமுகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 4 இரவுக்கு ஒரு முழுக் கடல் நாள், 7 இரவுக்கு இரண்டு. இதைவிடக் குறைந்தால் ஓட்டம், இதைவிடக் கூடினால் முதல்முறைக்காரருக்குச் சலிப்பு. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் அட்லாண்டிக் கடக்கும் கப்பல்களில் தொடர்ந்து ஆறேழு நாள் கரையே தெரியாது. டிக்கெட் மலிவாக இருக்கும். சும்மா உட்காரத் தெரிந்தவருக்கு மட்டும் அது சரிப்படும்.

கடல் நாளை நம்பிப் போகிறவர்கள் கேபினில் சிக்கனம் பிடிக்காதீர்கள். ஜன்னலில்லா உள்கேபினில் விளக்கை அணைத்தால் பகலும் இரவும் ஒன்றுதான். பெரியவர்களுக்கு அது மூச்சு முட்டும். அவர்களுக்குப் பால்கனி, உங்களுக்கு எதிரிலேயே உள்கேபின் என்று எடுக்கலாம். அடுத்தடுத்து, நடுவில் கதவுள்ள இரண்டு கேபின் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் எண்ணிக்கை குறைவு, முதலிலேயே போய்விடும். தளப் படத்தைத் திறந்து உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே பஃபே இருந்தால் காலை 5 மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே அரங்கம் இருந்தால் நள்ளிரவு வரை பாட்டு. மேலும் கீழும் கேபினாகவே இருக்கிற தளம்தான் அமைதி.

குந்துகால்

கேபின் பேச்சு வந்ததால் சேர்த்துச் சொல்கிறேன். ஆட்டத்துக்குப் பயந்தவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுக்க வேண்டும். ஊஞ்சலில் கயிறு கட்டிய இடத்துப் பக்கம் அசைவு குறைவு, நுனியில் அதிகம், அதே கணக்கு. முன்மூக்குக் கேபினில் கப்பல் அலையில் குத்தி எழும்புவது நேராக வயிற்றில் தெரியும். நடுவில் எடுத்தால் லிஃப்டும் பக்கம், வாப்பாவுக்கு நடை மிச்சம்.

மாத்திரை விஷயம்: அவோமின் மாதிரி மருந்தை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். 71 வயதுக்காரருக்கும் 7 வயதுப் பிள்ளைக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கண் அழுத்தம், நீர்ச்சுருக்கம், வேறு மாத்திரை எல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. தலை சுற்றினால் கேபினில் படுக்காமல் வெளித்தட்டுக்கு வந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும்.

"நாங்கள் வள்ளத்தில் போனவர்கள், எங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று நம்ம பக்கம் சொல்வார்கள். வள்ளத்தின் ஆட்டம் சட்சட்டென்று இருக்கும், கண்ணுக்குக் கடலும் தெரியும். பெரிய கப்பல் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் போகும். கண்ணுக்குத் தெரிவது அசையாத சுவர். வள்ளத்தில் தாங்கியவருக்குக் கப்பலில் குமட்டுவதும் உண்டு, தலைகீழாகவும் உண்டு. சோதித்துப் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை போகும் பயணிகள் கப்பல் இருக்கிறது, ஏறக்குறைய நாலு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. வாடை மாசத்தில் நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட் எப்படியும் எடுக்கப் போகிறீர்கள், யாழ்ப்பாணமும் பார்த்த மாதிரி ஆகும்.

வனத்துறை நடத்தும் குருசடைத் தீவுப் படகும் காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் படகும் வயிற்றைச் சோதிக்க உதவாது. ஆனால் பெரியவர்கள் படகில் ஏறி இறங்கக் கால் ஒத்துழைக்கிறதா என்று பார்க்க நல்ல இடம். அது ஏன் முக்கியம் என்று அடுத்துச் சொல்கிறேன்.

குந்துகால்

டெண்டர் படகு. அட்டவணையில் துறைமுகப் பெயருக்குப் பக்கத்தில் நங்கூரக் குறியோ "டெண்டர்" என்றோ இருந்தால் கப்பல் கரையில் கட்டாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆளை இறக்குவார்கள். புக்கெட்டில் பாதோங் விரிகுடா என்றால் இதுதான்.

கப்பலின் அடித்தளத்தில் ஒரு கதவு திறக்கும், வெளியே ஒரு மேடை. படகு அதன் பக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அமைதியான நாளிலும் ஒரு சாண், அலை நாளில் இரண்டு அடி. இரண்டு பக்கமும் ஆள் நின்று முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார்கள். படகு மேலே வந்து மேடையோடு சமமாகும் அந்த ஒரு நொடியில் கால் எடுத்து வைக்க வேண்டும். தயங்கினால் படகு கீழே போய்விடும், அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டும். முழங்கால் மடங்காதவருக்கு இந்த ஒரு அடிதான் பிரச்சினை. சக்கர நாற்காலியை அலை நாளில் ஏற்றவே மாட்டார்கள். அலை கூடினால் கேப்டன் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போய்விடுவார். உயிர்ப் பொறுப்பு அவருடையது, குறை சொல்ல முடியாது.

பாரதி நகர்

விசா பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான்.

சிங்கப்பூரில் விமானத்தில் இறங்குவது ஒரு நுழைவு. கப்பல் சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூரில் இறங்குவது இரண்டாம் நுழைவு. ஆக விசா பல நுழைவுக்கானதா என்று பார்த்து வாங்க வேண்டும். துபாய் ரூட்டும் இதே கதை. பிற்பாடு ஐரோப்பா போகிறவர்களுக்கும் சேர்த்து: கிரீஸில் ஏறி, துருக்கியைத் தொட்டு, கிரீஸுக்குத் திரும்புகிற ரூட்டில் ஒரு நுழைவு ஷெங்கன் விசா செல்லாது. அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறி அலாஸ்கா போகிற கப்பல் நடுவில் கனடாவின் விக்டோரியாவில் ஒரு சாயங்காலம் நிற்கும். 1886ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடிக் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி அதே துறைமுகத்தில் இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டைத் தொட்டாக வேண்டும். அந்த நாலு மணி நேரத்துக்காகக் கனடா விசாவும் வேண்டும்.

"நான் இறங்கவே மாட்டேன், கப்பலிலேயே இருப்பேன்" என்பது எடுபடாது. ரூட்டில் இருக்கிற ஒவ்வொரு நாட்டுக்கும் விசா சரியாக இல்லை என்றால் முதல் துறைமுகத்திலேயே ஏற்ற மாட்டார்கள், பணமும் போய்விடும். மலேசியா, தாய்லாந்து, இலங்கை விதிகள் அடிக்கடி மாறுகின்றன. புக் பண்ணும் நாளிலும் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதும் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பாருங்கள். பாஸ்போர்ட் பயணம் முடிந்த நாளிலிருந்து 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

நம்ம ஆட்களுக்கே உரிய சிக்கல் ஒன்று: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா விசாவுக்கு இதை ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொண்டார்கள். கப்பல் டிக்கெட்டிலும் குடும்பப் பெயர் கட்டாயக் கட்டம். ஏஜெண்ட் அவசரத்துக்கு ஊர்ப் பெயரையோ இனிஷியலையோ போட்டுவிடுவார். விமானம், விசா, கப்பல் மூன்றிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் கைக்கு வந்த அன்றே ஆறு பேருக்கும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள்.

கப்பல் கிளம்புகிற அன்றே விமானத்தில் போய் இறங்காதீர்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முந்தின நாள் போய் ஒரு இரவு தங்குங்கள்.

செலவுக் கணக்கில் விடுபடுபவை: துறைமுகக் கட்டணம், தலைக்குத் தினசரி பணியாள் கட்டணம், வைஃபை, குளிர்பானம், கரைச் சுற்றுலா. தினசரி கட்டணம் பல கப்பல்களில் பிள்ளைகளுக்கும் உண்டு, ஆறு பேருக்குக் கூட்டினால் கணிசமாக வரும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்குப் பிடிக்கும் டிசிஎஸ் என்ற முன்வரி மட்டும் வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

நடுத்தெரு

ரொம்ப நன்றி. சிங்கப்பூர் என்று முடிவாகிவிட்டது. ஹலால் சாப்பாடு, தொழுகை, சக்கர நாற்காலி பற்றி யாராவது சொல்லுங்கள்.

பெரியபட்டினம் லாத்தா

தம்பி, "இந்திய உணவு உண்டு" என்பதும் "ஹலால் உண்டு" என்பதும் வேறு வேறு. சிங்கப்பூரிலிருந்து ஓடும் கப்பல்களில் ஜென்டிங் ட்ரீமில் ஹலால் சான்று பெற்ற சமையலறை இருக்கிறது. மற்றக் கப்பல்களில் கேட்க வேண்டிய கேள்வி: சான்று கப்பல் முழுவதுக்குமா, ஒரு உணவகத்துக்கு மட்டுமா? அந்த உணவகம் டிக்கெட்டில் சேர்ந்ததா, தனிக் காசா? காலை, மதியம், இரவு மூன்று வேளையும் திறந்திருக்குமா? இதற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள். பஃபேயில் ஒரே கரண்டி எல்லாத் தட்டுக்கும் போகும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் இதைத்தான் கேட்க வேண்டும்.

கப்பல் திரும்பத் திரும்பக் கிப்லா, அதாவது தொழும் திசை, மாறும். கேபின் தொலைக்காட்சியில் கப்பல் போகும் திசை ஓடிக்கொண்டிருக்கும், அதையும் வெளித்தட்டில் திசைகாட்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். இரும்புச் சுவருக்குள் ஃபோன் திசைகாட்டி தப்பாகக் காட்டும்.

உம்மாவின் மாத்திரை, வாப்பாவின் மருந்து எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபின் வாசலுக்கு வர ராத்திரிகூட ஆகலாம். இன்சுலின் இருந்தால் கேபினில் இருக்கிற சின்ன ஃப்ரிட்ஜை நம்பாதே, பலதும் பானம் குளிர வைக்கிற அளவுதான். வரவேற்பு மேசையில் கேட்டால் மருந்துக்கென்று வழி செய்வார்கள். சக்கர நாற்காலி சொந்தமாக மடக்குகிறது கொண்டுபோ. கப்பலில் கொடுப்பது ஏறவும் இறங்கவும் மட்டும், நாள் முழுக்கத் தர மாட்டார்கள். கதவு அகலத்தையும் கேட்டுக்கொள், சாதாரணக் கேபின் கதவில் சில நாற்காலி நுழையாது. பயணக் காப்பீட்டில் கப்பல் மருத்துவமனைச் செலவும், கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்.

பினாங்கில் துறையிலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கட்டியது, சோழ மண்டலக் கரையிலிருந்து போனவர்கள். சூலியா தெருவில் நாகூர் தர்கா. குயின் தெருவில் மாரியம்மன் கோயில். சுற்றிலும் தமிழ் பேசும் கடை, நாசி கண்டார் என்கிற சோறும் கறியும். 1926இல் கட்டிய ராஜுலா கப்பல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. நம்ம கரையோரத்தில் அந்தக் கப்பல் பெயர் தெரியாத பெரியவர்கள் குறைவு. வாப்பாவுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று கேட்டால், பினாங்கு என்று நான் சொல்லிவிடுவேன்.

ஏர்வாடி இளவல்

அடுத்த ஆண்டு ஐரோப்பா போக நினைக்கிறவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. அட்டவணையில் "ரோம்" என்று இருந்தால் கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில், ரோமுக்கு 75 கிலோமீட்டர் பக்கம். "ஃப்ளோரன்ஸ்" என்றால் லிவோர்னோ, 90. "பாரிஸ்" என்றால் லெ ஹாவ்ர், 200. "பாங்காக்" என்றால் பெரும்பாலும் லாம் சபாங், 120. தூத்துக்குடியில் இறக்கிவிட்டு மதுரை என்று சொல்கிற மாதிரி. வெனிஸில் 2021 ஆகஸ்டிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் ஊர்க் கால்வாய்க்குள் வர முடியாது. "வெனிஸ்" என்று எழுதிவிட்டு ராவென்னாவில் நிறுத்துவார்கள், சாலையில் இரண்டு மணிக்கு மேல்.

கிரீஸின் சாந்தோரினித் தீவில் டெண்டர், கரையிலிருந்து மேலே ஊருக்குக் கேபிள் கார் அல்லது 588 படி. நாலைந்து கப்பல் ஒன்றாக வந்தால் கேபிள் கார் வரிசையே ஒரு மணிக்கு மேல். மால்டாவின் வலெட்டா நேர்மாறு, துறைக்குப் பக்கத்திலேயே ஊருக்கு ஏற்றிவிடும் லிஃப்ட். முழங்கால் வலிக்காரருக்கு வலெட்டா, நல்ல காலுள்ளவருக்குச் சாந்தோரினி.

நடுத்தெரு

இரண்டு பயணத்தில் வந்து நிற்கிறேன். முதலாவது 3 இரவு: சிங்கப்பூர் மாலை 5 மணிக்குப் புறப்பாடு, மறுநாள் பினாங்கு மாலை 4 முதல் இரவு 11, பிறகு கடல் நாள், சிங்கப்பூர். இரண்டாவது 4 இரவு: கிள்ளான் காலை 8 முதல் மாலை 6, பினாங்கு காலை 8 முதல் மாலை 5, புக்கெட் டெண்டர் வேண்டாம் என்பதால் அது இல்லாதது, ஒரு கடல் நாள், சிங்கப்பூர். தலைக்கு விலை வித்தியாசம் கொஞ்சம்தான்.

தொண்டி வாசகன்

முதலாவதில் பினாங்கு நேரம் ஏன் மாலை என்று புரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் ஏறக்குறைய 400 கடல் மைல். மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் 22 மணி நேரம். மாலை கிளம்பினால் மறுநாள் மாலைதான் சேரும். நடுவில் ஒரு முழுப் பகல் கடல், திரும்பும்போது இன்னொன்று. மூன்று இரவுக்குள் இரண்டு பகல் கடலில் போகிறது. எனக்குப் பிடித்த கணக்குதான், ஆனால் மாலை 4 மணிக்கு வந்தால் கோயில், பள்ளிவாசல், கடை பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பினாங்கு மலை ரயிலைப் பகலில் பார்க்க வேண்டுமானால் இரண்டாவது.

சேதுக்கரை

நானும் இரண்டாவதுதான் சொல்வேன். ஆனால் கிள்ளானில் ஆறு பேரும் இறங்க வேண்டியதில்லை. நீங்களும் பெரிய பிள்ளையும் மட்டும் போங்கள், மற்றவர்கள் அன்று கப்பலில். பெரும்பாலானோர் இறங்கிப் போய்விடுவதால் நீச்சல்குளம் காலியாக இருக்கும், சின்னவனுக்குக் கொண்டாட்டம். மறுநாள் பினாங்கில் எல்லோரும் இறங்குங்கள். காலை வெயிலுக்கு முன் பள்ளிவாசல், தர்கா, பிறகு பெரியவர்களைக் கப்பலில் விட்டுவிட்டு மதியம் மலை ரயில். 5 மணிக்குக் கப்பல் என்றால் மலையிலிருந்து 2 மணிக்கே இறங்கத் தொடங்க வேண்டும், கீழே வரும் வரிசையும் நீளம்.

நடுத்தெரு

அப்படியே செய்கிறோம் அக்கா. பால்கனி ஒன்று, எதிரில் உள்கேபின் ஒன்று, நடுப்பகுதி. ஒரே சந்தேகம்: கப்பலில் எந்த நேரத்தை வைத்துக்கொள்வது?

குந்துகால்

கப்பல் நேரத்தை மட்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம், நம்மைவிட இரண்டரை மணி முன்னால், அதனால் உங்கள் ரூட்டில் பிரச்சினை இல்லை. பிற்பாடு புக்கெட் சேர்ந்த ரூட்டில் போனால் கவனம்: தாய்லாந்து ஒரு மணி பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கரையில் ஃபோன் தானாக மாறி 4 என்று காட்டும்போது கப்பலில் மணி 5. துபாய், தோஹா ரூட்டிலும் இதே ஒரு மணி வித்தியாசம் உண்டு. கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொண்டு, ஏறின அன்று கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்து, இறங்கும் வரை தொடாமல் விடுங்கள். கப்பல் கரையை விட்டதும் ஆறு ஃபோனையும் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் டவரைப் பிடித்துக்கொண்டால் ஊர் திரும்பியதும் பில் வரும். வைஃபை வாங்கினால் அதை மட்டும் திறந்துகொள்ளலாம்.